ஜீனோவோடு தொடங்குங்கள்

பெங்களூரின் ஒக்கலிபுரத்திலும் பக்கத்து ஸ்ரீராமபுரத்திலும் வீட்டுக்குள் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம் என்று வளர்கிற பிள்ளைகள் நிறைய. அவர்களில் பலருக்குத் தமிழ் காதுக்குப் பழகிய மொழி. கண்ணுக்கு இன்னும் பழகவில்லை. எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள். அப்படி ஒரு பிள்ளை, அல்லது அதே வீட்டில் வேலையெல்லாம் முடிந்த பிறகு ஏதாவது படிக்கலாமே என்று நினைக்கிற ஒரு அம்மா, "சயின்ஸ் ஃபிக்‌ஷன் என்கிறார்களே, அதில் எதை முதலில் படிப்பது?" என்று கேட்டால் எந்தப் புத்தகத்தைக் கொடுக்கலாம்? சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வையும், அது முடிந்த கையோடு 'மீண்டும் ஜீனோ'வையும் கொடுங்கள் என்பதே என் பதில். 1980களில் ஆனந்த விகடனில் வாரத் தொடராக வந்து பிறகு நூலானவை இவை. முதலாவது பிற்பாடு தூர்தர்ஷனிலும் தொடராக வந்தது. எழுதி முப்பத்தைந்து வருடத்துக்கு மேலான கதையை இன்றைய பிள்ளைக்கு எதற்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். காரணம் அதிலுள்ள விஞ்ஞானம் இல்லை. அதில் வருகிற ஜீனோ என்ற இயந்திர நாய்.

அறிவியல் கதை பக்கமே போகாதவர்களிடம் ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "நமக்கு சயின்ஸ் புரியாது." இந்தப் பயத்தை உண்டாக்கியது சிபாரிசு செய்கிறவர்களின் வழக்கம்தான். கேட்டவரிடம் காலப்பயணம், ஒளி ஆண்டு, செயற்கை அறிவு என்று கருத்துகளை அடுக்கி, இந்தப் புத்தகத்தில் இன்ன கற்பனை இருக்கிறது என்று விற்கப் பார்க்கிறோம். எந்த வாசகரும் கருத்துக்காக நானூறு பக்கம் உட்காருவதில்லை. இவளுக்கு என்ன ஆகுமோ, இவன் தப்பிப்பானா என்ற கவலைக்காகத்தான் உட்காருகிறார். உலகம் முழுவதும் வாசகர்கள் திரும்பத் திரும்பப் போகிற அறிவியல் கதை வரிசைகளைப் பார்த்தால் இது தெரியும். வங்காளத்தில் சத்யஜித் ராய் 1961இல் தொடங்கிய பேராசிரியர் ஷோங்கு கதைகளில் கண்டுபிடிப்புகள் பல; ஆனால் நினைவில் நிற்பது கிரிடியில் நியூட்டன் என்ற பூனையோடு வாழும் அந்த மனிதர். அமெரிக்காவில் லோயிஸ் மெக்மாஸ்டர் புஜோல்ட் 1986இல் தொடங்கிய வோர்கோசிகன் வரிசையில் விண்கலங்கள் பறக்கின்றன. வாசகர் தேடி வருவது எலும்புகள் பொடிந்துபோகும் உடலோடு பிறந்து மூளையை நம்பிப் பிழைக்கும் மைல்ஸை. மார்தா வெல்ஸ் 2017இல் தொடங்கிய மர்டர்பாட் கதைகளின் நாயகன் ஒரு பாதுகாப்பு இயந்திரம்; வேலை இல்லாதபோது சீரியல் பார்க்க விரும்புகிறது, மனிதர்கள் தன்னை முறைத்துப் பார்த்தால் கூச்சப்படுகிறது. தமிழில் இந்த வகைக்கு ஒரு கதை சொல்லுங்கள் என்றால் ஜீனோவைத்தான் சொல்ல வேண்டும். அதுவும் மர்டர்பாட் சீரியல் பார்க்கத் தொடங்குவதற்கு முப்பது வருடம் முன்பே, நம் ஜீனோ புத்தகம் படிக்கத் தொடங்கிவிட்டது.

கதை நடப்பது சுஜாதா எழுதியபோது எதிர்காலமாக இருந்த 2020களின் தொடக்கத்தில். இந்தியாவை ஜீவா என்ற சர்வாதிகாரி ஆள்கிறார். எல்லோருக்கும் எண் உண்டு. குழந்தை பெற அரசு அனுமதி வேண்டும். முதுமை எட்டினால் உயிரோடு இருப்பதும் அரசு முடிவு. நிலா, சிபி என்ற தம்பதிக்கு அந்த அபூர்வமான அனுமதி கிடைக்கிறது. கிடைத்த சந்தோஷம் ஆறுவதற்குள் சிபி காணாமல் போகிறான். தனியாகிவிட்ட நிலாவின் வீட்டில் ரவி என்பவன் தங்க வருகிறான். அவனோடு ஒரு இயந்திர நாய்க்குட்டி வருகிறது. அதுதான் ஜீனோ. இதற்கு மேல் கதையைச் சொன்னால் புதிதாகப் படிப்பவருக்குச் செய்யும் துரோகம்; வாரா வாரம் 'தொடரும்' என்று வாசகரைத் தவிக்கவிட்ட கதை அது, திருப்பங்களை முன்கூட்டி உடைக்கக் கூடாது. தொடர் வந்த காலத்தில் விகடனின் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைக்கிற வழக்கம் வீடுகளில் இருந்தது. பின்பக்கத்தில் பாதி வெட்டுப்பட்ட ஜோக்கும் விளம்பரமுமாக இருக்கும் அந்த பைண்டுகள் கைமாறிக் கைமாறி நைந்துபோகும். இந்த வாரத் தொடர் வடிவம் புதிய வாசகருக்கு ஒரு வசதி. அத்தியாயங்கள் சிறியவை, உரையாடல் அதிகம். ஒரு நாளுக்கு ஒரு அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் களைத்துப்போக மாட்டார்.

பெயர்களைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஜீவாவின் நாட்டில் யாருக்கும் இரண்டு எழுத்துக்கு மேல் பெயர் கிடையாது. நிலா, சிபி, ரவி, மனோ என்று எல்லாம் இரண்டே எழுத்து. முதலில் இது விளையாட்டாகத் தெரியும். யோசித்தால்தான் அதன் கொடுமை உறைக்கும். தமிழ்ப் பெயரில் ஊர் இருக்கும், குலசாமி இருக்கும், தாத்தா பாட்டி இருப்பார்கள். முன்னெழுத்தில் அப்பாவோ அம்மாவோ இருப்பார். இரண்டு எழுத்துச் சட்டம் ஒரே வெட்டில் அத்தனையையும் கழித்துவிடுகிறது. புறாவுக்காகத் தன் சதையையே அரிந்து கொடுத்த சிபிச் சக்கரவர்த்தியின் பெயர் சட்டத்துக்குள் அடங்குவதால் தப்பிக்கிறது. அந்தப் பெயரைச் சுமப்பவனின் பின்னால் இருக்கும் கதை தப்பிக்கவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். ஜீனோ என்பதும் இரண்டு எழுத்து. ஆளுகிற ஜீவாவுக்கும் இரண்டு எழுத்து, ஆளப்படுகிற நிலாவுக்கும் இரண்டு எழுத்து, பொம்மை நாய்க்கும் இரண்டு எழுத்து. மனிதரையும் இயந்திரத்தையும் ஒரே பட்டியலில் எழுதிவிட்டது அந்த அரசு. அப்படியானால் அந்தப் பட்டியலில் யார் மனிதர், யார் இயந்திரம்? இரண்டு நூல்களும் விடாமல் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். சுஜாதா அதை வசனமாகப் பேசவைக்காமல் பெயருக்குள்ளேயே வைத்துவிட்டார். எழுத்துக் கூட்டும் வாசகருக்கு இந்தச் சின்னப் பெயர்கள் சுலபமாகவும் இருக்கின்றன என்பது கூடுதல் லாபம்.

ஜீனோ என்ற பாத்திரம் வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். செல்லமாக வைத்துக்கொள்ளச் செய்த இயந்திரம் அது. வாசகர் அதைக் கதையின் ஓரத்தில் ஓடும் வேடிக்கை என்றுதான் முதலில் எடுத்துக்கொள்வார். அது பேசும், பிறகு படிக்கும், படித்ததை யோசிக்கும், யோசித்ததைக் கேள்வியாகக் கேட்கும். எந்த இடத்தில் அது பொம்மையாக இருப்பதை விட்டுவிட்டது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. இதைச் சாத்தியமாக்குவது நிலாவோடு அதற்கு ஏற்படும் நட்பு. கணவனைத் தேடும் ஒரு சாதாரணப் பெண், நாட்டில் யாரையும் நம்ப முடியாதபோது நம்பக் கிடைத்த ஒரே துணை அது. நமக்கு அதன்மேல் பாசம் வந்த பிறகுதான் ஒரு பயமும் வருகிறது: இதைக் கழற்றிவிடலாம். திருகாணியைத் திருகிப் பாகம் பாகமாகப் பிரித்து மேஜைமேல் பரப்பிவிட்டால், நிலாவின் நண்பன் எங்கே போவான்? திரும்ப மாட்டினால் வருவது அதே ஜீனோவா? தத்துவத்தில் பெரிய பெரிய ஆட்கள் மல்லுக்கட்டுகிற இந்தக் கேள்வி, இங்கே ஒரு நாய்க்குட்டிக்காக மனசு அடித்துக்கொள்ளும் வடிவத்தில் வந்து சேர்கிறது. பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டால் விஞ்ஞானம் காணாமல் போய்விடும் என்று கவலைப்படுகிறவர்களுக்கு இதுவே பதில். இப்படி ஒரு பயம் வேறெந்த வகைக் கதையிலும் வராது. மனித நண்பன் சாகலாம். ஆனால் அவனை அணைத்துப் போட முடியாது. பாத்திரமும் அறிவியலும் இங்கே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

தமிழுக்கு இது அந்நியமான சரக்கு என்றும் சொல்ல முடியாது. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் செய்வித்த மயிற்பொறியில் ஏறித்தான் கர்ப்பிணியான விசயை தப்பிக்கிறாள். அந்தப் பொறி அவளைச் சுடுகாட்டில் இறக்குகிறது, சீவகன் பிறக்கிறான். அருமையான கற்பனை. ஆனால் இறக்கிவிட்டதோடு மயிலின் வேலை முடிந்தது. அதற்கென்று ஒரு மனசு இல்லை. மனசு உள்ள பொம்மை வேண்டுமென்றால் விக்கிரமாதித்தன் கதைக்குப் போக வேண்டும். சிம்மாசனத்தில் ஏறப்போகும் போஜராஜனைப் படிக்குப் படி நிறுத்தி, உனக்கு இதில் உட்காரத் தகுதி உண்டா என்று கதை சொல்லிக் கேட்கும் முப்பத்திரண்டு பதுமைகள் அங்கே இருக்கின்றன. மயிற்பொறியின் உடம்பும் அந்தப் பதுமைகளின் வாயும் சேர்ந்தால் ஜீனோ. சுஜாதா இப்படித் திட்டமிட்டார் என்று சொல்லவில்லை. ஆட்சியில் இருப்பவனைப் பார்த்துக் கேள்வி கேட்கும் பொம்மை, பாட்டி கதை சொல்லிக் கேட்ட எந்தத் தமிழ்க் காதுக்கும் புதிதில்லை என்கிறேன். 'மீண்டும் ஜீனோ'வில் அதிகாரத்துக்கு மிக அருகில் நடக்கும் பகுதிகளைப் படிக்கும்போது இந்த உறவு இன்னும் நன்றாகத் தெரியும்.

இந்த நகரத்து வாசகருக்கு இதில் ஒரு தனி உரிமையும் இருக்கிறது. ஒக்கலிபுரத்திலிருந்து வடமேற்கே யஷ்வந்தபுரத்தைத் தாண்டினால் ஜாலஹள்ளி. அங்கே பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் எஸ். ரங்கராஜன் என்ற பொறியாளர் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். மனைவி சுஜாதாவின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்ட அவரைத்தான் வாசகர்கள் இன்றும் 'வாத்தியார்' என்கிறார்கள். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் பணியில் அங்கே அவருக்கு முக்கியப் பங்கு இருந்தது. அந்த இயந்திரத்தை நாம் எல்லோரும் தொட்டிருக்கிறோம். பெயர், சின்னம், எதிரே ஒரு நீலப் பொத்தான். அழுத்தினால் துளி சிவப்பு விளக்கு எரிந்து நீளமாக ஒரு 'பீப்'. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாத ஒரு பெட்டியை நம்ப வேண்டும் என்பது அதைச் செய்தவர்கள் முன் இருந்த சவால். 1982 மே மாதம் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் அது முதன்முதலாகப் பயன்பட்டது; சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சாவடிகளின் வாக்குப்பதிவைச் செல்லாததாக்கியது; 1988 டிசம்பரில்தான் சட்டம் திருத்தப்பட்டது. இயந்திரத்தை நம்பலாமா என்று நாடே தயங்கி நின்ற அந்த இடைவெளியில்தான் ஜீனோவின் கதை வாராவாரம் வந்துகொண்டிருந்தது. மக்கள் ஒரு இயந்திரத்தை எப்போது நம்புவார்கள் என்ற கேள்வியைப் பகலில் தொழிற்சாலையில் சந்தித்த மனிதரின் கற்பனை இது. ஒரு எழுத்தாளரின் உத்தியோகத்திலிருந்து அவருடைய கதையை வரவழைப்பது ஆபத்தான விளையாட்டு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஜீனோவை நிலா நம்பத் தொடங்கும் பக்கங்களில் தெரிகிற நிதானம், நம்பிக்கை எப்படிக் கட்டப்படுகிறது என்பதை அறிந்தவருடைய நிதானம்.

மறுப்புகளுக்கு வருவோம். முதலாவது, கதை பழசாகிவிட்டது என்பது. கதை நடக்கும் வருடமே நமக்குப் பின்னால் போய்விட்டது. நம் கையில் இருக்கும் கைப்பேசி அந்த எதிர்காலத்தில் இல்லை, அங்கே இருக்கும் பலதும் நம்மிடம் இல்லை. உண்மை. ஆனால் இதே உண்மைதான் என் வாதத்துக்குப் பலம். கருவிகளுக்காக எழுதிய கதையாக இருந்திருந்தால் இன்று அது அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கும். காலம் கருவிகளைச் சலித்துக் கீழே தள்ளிய பிறகும் சல்லடையில் நிற்பவர்கள் நிலாவும் ஜீனோவும். போதாததற்கு, எண்ணைச் சொன்னால்தான் எந்த அலுவலகத்திலும் வேலை நடக்கும் என்பதும், இயந்திரத்தோடு மனம்விட்டுப் பேசுகிற தனிமையும் 1986இன் வாசகரைவிட இன்றைய பதினாறு வயதுக்குத்தான் அதிகம் பரிச்சயம். அந்தப் பிள்ளைக்கு ஜீனோ விஞ்ஞான அதிசயமாகத் தோன்றாது. ஏற்கெனவே தெரிந்த ஒருவராகத் தோன்றும்.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் கடுமையானது: ஆர்வெல்லின் '1984'உம் ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்ட்'உம் எழுதப்பட்ட பிறகு இதில் என்ன புதுமை, அந்தச் சட்டகத்தை இரவல் வாங்கியதுதானே என்பது. சர்வாதிகார எதிர்காலம் என்ற சட்டகம் 1932க்கும் 1949க்கும் உரியது, மறுக்கவில்லை. ஆனால் அதில் மாட்டிய படம் நம்முடையது. குழந்தைக்கு அனுமதி என்பதை 1980களின் தமிழ் வாசகர் எப்படிப் படித்திருப்பார்? சுவருக்குச் சுவர் தலைகீழ்ச் சிவப்பு முக்கோணம் வரைந்திருந்த காலம் அது. 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலையில் கட்டாயக் கருத்தடை நடந்ததை ஊர் மறந்திருக்கவில்லை. ஹக்ஸ்லிக்குக் கற்பனையாக இருந்தது இந்திய வாசகருக்கு அடிவயிற்றுப் பயம். அதனால்தான் நாவல் அரசியல் உரையாகத் தொடங்கவில்லை. அனுமதி கிடைத்த ஒரு தம்பதியின் வீட்டுக்குள் தொடங்குகிறது.

மூன்றாவதை நான் பாதி ஒப்புக்கொள்கிறேன். நிலா பல இடங்களில் மற்றவர்கள் இழுத்த இழுப்புக்குப் போகிறாள் என்றும், ஆண்கள் திட்டமிட, நாய் யோசிக்க, அவள் அழகாக நிற்கிறாள் என்றும் இன்றைய வாசகிகள் சொன்னால் தவறில்லை. முதல் நூலை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்தக் குற்றச்சாட்டு நிற்கும். இரண்டையும் சேர்த்துப் படித்தால் வேறொன்று தெரிகிறது. நிலாவும் ஜீனோவும் ஒரே நிலையில் தொடங்குகிறார்கள். இருவருமே பிறருடைய உபயோகத்துக்காக வைக்கப்பட்டவர்கள், சொன்னதைச் செய்யப் பழகியவர்கள். யார் முதலில் சொந்தமாக யோசிக்கத் தொடங்குகிறார், மற்றவரை எப்படி அதில் சேர்த்துக்கொள்கிறார் என்பதே இரண்டு நூல்களின் ஓட்டம். அதனால்தான் முதல் புத்தகத்தோடு நிறுத்தாதீர்கள் என்று வற்புறுத்துகிறேன். இரண்டாவது நூல் நடுவில் தொய்கிறது. முதலாவதின் வேகம் அதில் இல்லை. என்றாலும் நிலா வளர்வதைப் பார்க்க அதைத்தான் படிக்க வேண்டும்.

சுஜாதாவின் நடையைப் பற்றிய புகாரும் பழையதுதான்: ஆங்கிலம் கலக்கிறது, துள்ளலாக ஓடுகிறது, இலக்கியக் கனம் இல்லை. கனமான எழுத்தின் மதிப்பை நான் குறைக்கவில்லை. ஆனால் இங்கே கேள்வி, முதல் புத்தகம் எது என்பது. பெங்களூரில் தமிழை வீட்டில் பேசி மட்டும் வளர்ந்த ஒருவருக்கு, தான் பேசுகிற தமிழ் அச்சில் இவ்வளவு சரளமாக ஓடும் என்று காட்டுகிற நடை வேறு எத்தனை பேரிடம் இருக்கிறது? வாக்கியம் நீண்டால் இறங்கிவிடும் வாசகரை அவர் ஓடுகிற வாக்கியத்தாலேயே கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறார். ஆங்கிலத்திலேயே அசிமோவைப் படித்துவிடலாமே என்றால், தாராளமாகப் படிக்கலாம். அசிமோவின் ரோபோ கதைகள் விதிகளை வைத்துப் போட்ட அருமையான புதிர்கள். ஆனால் நிலாவிடம் ஜீனோ பேசுகிற அந்தக் குறும்பு கலந்த தமிழ், வீட்டில் அண்ணனிடமோ அத்தையிடமோ கேட்கிற தமிழ். இயந்திரம் நம் மொழியில் நம்மைச் செல்லமாகக் கிண்டல் செய்யும்போது உண்டாகும் நெருக்கத்தை மொழிபெயர்ப்பில் கொண்டுவர முடியாது.

படிக்கும் முறை பற்றிச் சில வார்த்தை. பின்னட்டையைப் படிக்காதீர்கள், கதைச் சுருக்கத்தை எங்கேயும் தேடாதீர்கள். 'மீண்டும் ஜீனோ'வை முதலில் எடுத்துவிட்டால் முதல் நூலின் பெரிய திருப்பம் வீணாகிவிடும், வரிசை முக்கியம். புத்தகம் வாங்க வசதியில்லை என்றால் அல்சூரில் தமிழ்ச் சங்கத்து நூலகம் இருக்கிறது. தமிழ் எழுத்தே தெரியாத பிள்ளைகள் உள்ள வீட்டில், தெரிந்த ஒருவர் இரவில் ஒரு அத்தியாயம் வாய்விட்டுப் படித்துக் காட்டலாம். உரையாடல் மிகுந்த கதை என்பதால் கேட்கவும் நன்றாக இருக்கும். ரவி தன் நாயோடு நிலாவின் வீட்டுக்கு வரும்வரை மட்டும் பொறுத்துப் படியுங்கள். ஜீனோ வாய்திறந்து நாலு வார்த்தை பேசிய பிறகும் பிடிக்கவில்லை என்றால் புத்தகத்தை மூடி வைத்துவிடலாம்.